மிளார் இல்லாத பத்தாம் வகுப்பு

அவர் இறந்த பிறகு திருவண்ணாமலையில் ஒரு கல்யாண மண்டபத்தில் நினைவுக் கூட்டம் போட்டார்கள். மைக் பிடித்தவர்கள் எல்லோரும் படித்தவர்கள். கரும்பலகை முன்னால் அவர் எப்படி நிற்பார், பின்னத்தை எப்படிப் புரியவைப்பார், எந்தெந்த ஊரில் அவரிடம் பழகிய கணக்கு வாத்தியார்கள் இருக்கிறார்கள் என்று பேசிக்கொண்டே போனார்கள். நான் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். என்னைப் பேசக் கூப்பிடவில்லை. அஞ்சாம் கிளாஸ் தாண்டாதவன் கணித மேதையைப் பற்றி என்ன பேசிவிடப்போகிறான் என்று நினைத்திருப்பார்கள். நினைக்கட்டும். அவர் ரோட்டோரம் ரத்தத்தில் கிடந்தபோது தோளில் போட்டுக்கொண்டு ஓடியவன் நான். அந்த மண்டபத்தில் ஒருவருக்கும் அது தெரியாது. அதனால் நானே எழுதுகிறேன்.

என்னைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். கீழ்பென்னாத்தூர் போகிற வழியில் ஒரு கிராமம் என்னுடையது. பதிமூன்றாம் வாய்ப்பாடு வரவில்லை என்று கணக்கு வாத்தியார் என் முட்டியை ஸ்கேலின் விளிம்பால் அடித்தார். மறுபடி ஸ்கேலை ஓங்கினார். நான் அவர் கையைக் கடித்துவிட்டுச் சுவரேறிக் குதித்தவன்தான், பள்ளிக்கூடம் பக்கம் திரும்பவில்லை. டவுனுக்கு வந்து மண்டியில் மூட்டை தூக்கினேன். வேர்க்கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம். அந்த மல்லாட்டை மூட்டையைக் கொக்கியால் குத்தி இழுத்துத் தோளில் ஏற்றுகிற வேலை. கொக்கி பிடித்த கையோடு யாரும் என்னிடம் வம்புக்கு வரமாட்டார்கள். வந்தவர்கள் சிலர் பெரியாஸ்பத்திரியில் படுத்தார்கள். நாற்பது வயதுக்குள் அதே மண்டி என்னுடையதாயிற்று. வேங்கிக்காலில் மாடி வீடு கட்டினேன். எங்கள் கிராமத்துப் பள்ளிக்கூடத்துக்குக் காம்பவுண்டுச் சுவர் எழுப்பிக் கொடுத்தேன். நான் குதித்து ஓடிய அதே இடத்தில், நான் குதித்ததைவிட உயரமாக. பெற்றோர் ஆசிரியர் கழகத்துக்கு என்னைத் தலைவராக்கினார்கள். கையெழுத்து மட்டும் நன்றாகப் போடுவேன்.

எண்பத்தொன்பதில் வேங்கிக்கால் வீட்டு மாடிக்கு அவர் வாடகைக்கு வந்தார். ஒல்லியான ஆள். இரும்புக் கட்டில் ஒன்று, மற்றபடி எல்லாம் புத்தகம். எங்கள் தாலுகாவில் விவசாயக் குடும்பத்தில் பிறந்து, சென்னையில் படித்து, வடக்கே ஏதோ பெரிய ஆராய்ச்சி நிலையத்தில் கணக்கு போட்டுக்கொண்டிருந்தவர். அதை உதறிவிட்டு ஊர் திரும்பியிருந்தார்.

"வேலைய வுட்டுட்டு வந்துட்டீங்களா? இன்னா சார், கிறுக்கா?" என்றேன்.

"கொஞ்சம்" என்றார். "அங்க நான் போடற கணக்கு உலகத்துல இருபது பேருக்குத்தான் புரியும் தலைவரே. அந்த இருபது பேரும் ஏற்கெனவே கெட்டிக்காரங்க."

காரணம் அது மட்டுமில்லை. அவருக்கு ஓர் அண்ணன். இரண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடம். ஒருநாள் வாத்தியார் ஒரு கணக்கைக் கரும்பலகையில் போட்டபோது, அதைவிடச் சின்ன வழி ஒன்று இருக்கிறதென்று அண்ணன் எழுந்து சொன்னான். வாத்தியார் கன்னத்தோடு காதையும் சேர்த்து ஓங்கி அறைந்தார். காதிலிருந்து ரத்தம் சட்டைக் காலரில் இறங்கியது. அந்தக் காது போய்விட்டது, படிப்பும் போய்விட்டது. "கணக்கு வந்தது அவனுக்குத்தான்" என்பார் இவர். "நான் அடிக்குப் பயந்து மனப்பாடம் பண்ணவன். மனப்பாடம் பண்ணவன் பட்டம் வாங்கிட்டேன்."

எங்கள் கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் அப்போது இருந்த கணக்கு வாத்தியாரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவருடைய ஆயுதம் புளியம் மிளார். அதை அவர் தேட மாட்டார். யார் அடி வாங்கப்போகிறார்களோ அந்தப் பிள்ளையே மரத்துக்குப் போய், உடைத்து, இலையை உருவிவிட்டுக் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். மெல்லிசாகக் கொண்டுவந்தால் திரும்பப் போய் நல்லதாக உடைத்து வர வேண்டும், அதற்குத் தனி அடி. பள்ளிக்கூடத்துப் புளியமரத்தில் கைக்கு எட்டுகிற உயரத்தில் ஒரு கிளை தழைத்ததில்லை. ஊரில் யாரும் இதைக் கேட்டதில்லை. "கண்ண மட்டும் வுட்டுட்டு மத்தத உரிச்சிடுங்க சார்" என்று சொல்லித்தான் அப்பன்மார்கள் பிள்ளையைச் சேர்த்தார்கள். அடிக்கிற வாத்தியார்தான் அக்கறையுள்ள வாத்தியார் என்று கணக்கு.

அவர் ரிட்டயரானார். அந்த இடத்துக்கு ஆள் போடவில்லை. நான் ஹெட்மாஸ்டர் மேஜையில் இரண்டு கையையும் ஊன்றி, என் மாடியில் குடியிருந்த இவரைப் பெற்றோர் ஆசிரியர் கழகத்தின் சார்பில் வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

ஹெட்மாஸ்டர் இவரை ஏற இறங்கப் பார்த்தார். "குச்சி இல்லாம இந்தப் பசங்கள பத்தாவது தேத்திடுவீங்களா?"

"ஒம்பதாவதுலேர்ந்து குடுங்க. அதே பசங்களோட பத்தாவதுக்கும் வரேன்."

"சரி. ஒரே ஒரு பப்ளிக் எக்ஸாம். ரிசல்ட் கம்மியாச்சுன்னா நீங்க கிளம்பணும், குச்சி உள்ள வரும். அப்புறம் தலைவர் வந்து மேஜைய ஒடைக்கக் கூடாது."

இவர் ஒத்துக்கொண்டார். இதில் மாட்டியிருந்தது ஒரு வகுப்பு மட்டுமில்லை. சனிக்கிழமைதோறும் வேறு பள்ளிக்கூடங்களிலிருந்து கணக்கு வாத்தியார்கள் சிலர் என் வீட்டு மாடிக்கு வந்து இவரிடம் பேசிக்கொண்டிருப்பார்கள். எல்லோரும் இந்த ஒரு வகுப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இது தேறினால் அவர்களும் குச்சியைக் கீழே போடுவார்கள். தேறாவிட்டால் இவர் பேச்சை இந்த மாவட்டத்தில் எவனும் கேட்க மாட்டான்.

முதல் வாரம் நான் ஜன்னலோரம் நின்று பார்த்தேன். அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொன்னார். முன் பெஞ்சில் ஒரு பெண் எழுந்து "அஞ்சுல ரெண்டு" என்றாள். சொன்னதுமே கையை நீட்டிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள். பழைய வாத்தியார் பழக்கிய பழக்கம்.

"கைய எறக்கும்மா. எப்டி அஞ்சுல ரெண்டு?"

அவள் ஒரு கண்ணை மட்டும் திறந்தாள். "ரெண்டு மூட்ட மல்லாட்டையில ஒரு மூட்ட சொத்த. மூணு மூட்டையில ஒரு மூட்ட சொத்த. மொத்தம் சேத்தா அஞ்சு மூட்டையில ரெண்டு சொத்த சார்."

இவர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். முகமெல்லாம் சிரிப்பு. "இது அருமையான விடை. ஆனா நான் கேட்ட கேள்விக்கு இல்ல, வேற ஒரு கேள்விக்கு. அது இன்னா கேள்வி? அதத்தான் இன்னைக்கு கண்டுபிடிக்கப் போறோம். ஒருத்தரும் சரியா சொல்லிடாதீங்க, கொஞ்ச நேரம் தப்பாவே சொல்லுங்க."

அதுதான் அவர் வழி. முதலில் தப்பு. ஆளாளுக்கு ஒரு தப்பு. ஒவ்வொரு தப்பும் எங்கிருந்து வந்தது என்று துருவித் துருவிக் கேட்பார். வகுப்பில் சந்தை இரைச்சல். பக்கத்து வகுப்பு வாத்தியார் சுவரைத் தட்டுவார். என்னையும் சேர்த்து அங்கே நின்ற யாருக்கும் அது படிப்பு மாதிரித் தெரியவில்லை. ஆனால் அந்தப் பெண் அடுத்த வாரத்திலிருந்து கண்ணை மூடவில்லை. அதை நான் பார்த்தேன்.

பத்தாவது அரையாண்டு மார்க் வந்தபோது வினை வந்தது. மார்க் ஒன்றும் மோசமில்லை, ஆனால் நிறையவும் இல்லை. அப்பன்மார்களுக்கு இது போதவில்லை. பள்ளிக்கூடத்தில் அடிக்காததால்தான் மார்க் கம்மி, அப்படியானால் அந்த அடியையும் நாமே வீட்டில் கொடுத்துவிட வேண்டும் என்று முடிவு செய்தார்கள். ஏர்க்கயிறு, விறகுக் கட்டை, பெல்ட். ஒரு பையன் உட்கார முடியாமல் நின்றபடியே பாடம் கேட்டான். அந்த மல்லாட்டைப் பெண்ணின் வலது உள்ளங்கை பன் மாதிரி வீங்கிவிட்டது, பேனா பிடிக்க முடியவில்லை. சார் மண்டிக்கு வந்து இதைச் சொன்னார்.  என்னை ஏதும் செய்யச் சொல்லவில்லை. ஆனால் என்னிடம் வந்து சொன்னார் அல்லவா, எனக்கு அது போதும்.

லோடு ஆட்கள் இரண்டு பேரை வேனில் ஏற்றிக்கொண்டு மறுநாளே கிளம்பினேன். முதலில் அந்தப் பெண்ணின் அப்பன். கிணற்று மேட்டில் பம்ப்செட் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்தான்.

"வாங்க தலைவரே, இன்னா இவ்ளோ தூரம்?"

"ஒம் பொண்ணு கையில எவ்ளோ போட்ட?"

"என் பொண்ணு, நான் அடிக்கறேன். ஒனக்கு இன்னாய்யா?"

பிடரியைப் பிடித்து முகத்தைத் தொட்டிக்குள் அமுக்கினேன். கால் உதைத்தது. தூக்கினேன். இருமினான், கெட்ட வார்த்தை வந்தது, மறுபடி அமுக்கினேன். கெட்ட வார்த்தை நிற்கும்வரை அமுக்கினேன். "இனிமே கணக்குக்காக அவ மேல கை பட்டுச்சு, இந்தத் தொட்டிதான்" என்று விட்டுவிட்டு வந்தேன். அதே ஊரில் பெல்ட்டால் அடித்தவனை அதே பெல்ட்டால் அவன் வாசலில் அடித்தேன். அடுத்த ஊரில் ஒருவன் அரிவாளை எடுத்தான். கொக்கியைப் பார்த்ததும் அதைக் கீழே போட்டான். போட்ட பிறகும் நான்கு அறை கொடுத்தேன், அரிவாளை எடுத்ததற்கு. அந்த வாரத்துக்குப் பிறகு அந்த வகுப்பில் எந்தப் பிள்ளை உடம்பிலும் ஒரு தழும்பு புதிதாக விழவில்லை. ஹெட்மாஸ்டரால் முடிந்ததா, கலெக்டராபீசால் முடிந்ததா? நான் ஒருவன் முடித்தேன். இன்றைக்கும் நான் செய்தது தப்பென்று சொல்ல மாட்டேன்.

ஆனால் சார் சொன்னார். பத்து நாள் போயிருக்கும். எடை போட்டுக்கொண்டிருந்தபோது மண்டிக்குள் விடுவிடுவென்று வந்தார். அவ்வளவு ஆட்கள் முன்னால், என்னை யாரும் அதுவரை கை நீட்டிப் பேசாத இடத்தில், கையை நீட்டினார்.

"என் கிளாஸ கெடுத்துட்டீங்க!"

"நானா? நான் காப்பாத்திக் குடுத்திருக்கேன் சார்."

"ஒருத்தன் வாயத் தொறக்கறதில்ல தலைவரே. எழுதச் சொன்னா எழுதறான், சொல்லச் சொன்னா பக்கத்துல எழுதிவெச்சதப் பாத்து சொல்றான். ஏண்டா தப்பு சொல்ல மாட்டேங்கறன்னு கேக்கறேன். இன்னா சொல்றான் தெரியுமா? 'நான் தப்பா போட்டா எங்கப்பாவுக்கு கோவம் வரும் சார், கோவம் வந்தா அடிப்பாரு, அடிச்சா தலைவர் வந்து எங்கப்பாவ சாவடிச்சிடுவாரு.' பழைய வாத்தியார் கிட்ட அடி அவங்க ஒடம்போட நின்னுச்சு. இப்ப ஒரு தப்பு போட்டா அப்பன் உசுரு போயிடும்னு நெனைக்கிறாங்க!"

"பயம் இருந்தாத்தான சார்..."

"அந்த வார்த்தைய முடிக்காதீங்க. நான் இந்த மாடியக் காலி பண்ணிட்டுப் போயிடுவேன்."

லோடு ஆட்கள் வேறுபக்கம் பார்த்தார்கள். வேறு எவனாவது இப்படிப் பேசியிருந்தால் அவன் பல் தராசுத் தட்டில் கிடந்திருக்கும். நான் வாயை மூடிக்கொண்டேன். ஏன் மூடினேன் என்று அப்போது யோசிக்கவில்லை.

அடி வாங்கிய அப்பன்மார்களுக்கு என் மேல் கை வைக்கத் தைரியமில்லை. அந்தக் கோபம் வேறு இடம் தேடியது. பரீட்சைக்கு ஒரு மாதம் இருந்தது. சார் ஞாயிற்றுக்கிழமையும் வகுப்பு வைத்திருந்தார். காலை பஸ்ஸில் இறங்கிப் பள்ளிக்கூடம் போகிற வழியில் நான்கைந்து பேர் மறித்தார்கள். முகத்தில் துண்டு. முதல் அடி வாயில். கீழே விழுந்தவரை விலாவில் உதைத்தார்கள். வலது கையை ரோட்டில் வைத்து மிதித்தார்கள். "குச்சி புடிக்காத கை எதுக்குடா?" என்று ஒருவன் கத்தியதை அந்தப் பக்கம் மாடு ஓட்டிக்கொண்டு போன கிழவி கேட்டிருக்கிறாள். அவள்தான் ஆளனுப்பினாள். கீழ்பென்னாத்தூருக்கு லோடு எடுக்கப் போய்க்கொண்டிருந்த நான் வழியிலேயே சேதி கேட்டு ஓடினேன். வெள்ளைச் சட்டை மார்பு வரைக்கும் சிவப்பு. இரண்டு பல் மண்ணில் கிடந்தன. அந்த ஆளைத் தூக்கியபோது எடையே இல்லை. ஒரு மூட்டைக்குக்கூடக் காணமாட்டார்.

"பசங்க வந்திருப்பாங்க" என்றார், வாயில் ரத்தத்தோடு. "இன்னைக்கு கிளாஸ் இல்லன்னு சொல்லிடுங்க."

ஆஸ்பத்திரி வாசலில் என் மண்டி ஆட்கள் கொக்கியோடு நின்றார்கள். அடித்தது யாரென்று எனக்கு நன்றாகத் தெரியும். துண்டு கட்டினாலும் அந்தக் கிழவிக்கு ஊர்க்காரன் நடை தெரியாதா? சப்-இன்ஸ்பெக்டர் கட்டில் பக்கம் உட்கார்ந்து கேட்டார்.

"அடிச்சவங்கள அடையாளம் தெரியுமா சார்?"

"தெரியாது."

"சார்!" என்று நான் கத்தினேன்.

சப்-இன்ஸ்பெக்டர் வெளியே போனதும் சார் என்னைக் கிட்டே கூப்பிட்டார். விலா வலியில் ஒவ்வொரு வார்த்தையாகத்தான் வந்தது. "பேர் சொன்னா அப்பன் லாக்கப்புல இருப்பான். பொண்ணு பரீட்ச எழுதுமா? நீங்க போய் அவன் கால ஒடிச்சாலும் அதே கததான். ரெண்டு வருஷ ஒழைப்பு தலைவரே. பரீட்ச முடியற வரைக்கும் அந்தக் கொக்கி செவுத்துல தொங்கணும்."

நான் வெளியே வந்தேன். ஆஸ்பத்திரிச் சுவரில் ஓங்கிக் குத்தினேன். முட்டி கிழிந்தது. ஆட்களை வேனில் ஏற்றி அனுப்பிவிட்டேன். அந்த ஒரு மாதம் நான் பட்ட பாடு மூட்டை தூக்கிய காலத்தில்கூடப் படவில்லை. அடித்தவன்கள் மல்லாட்டை விற்க என் மண்டிக்கே வந்தார்கள். எதிரில் நின்று எடை பார்த்தார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு எடை போட்டேன்.

கை கட்டோடு அவர் வகுப்புக்குப் போனார். கரும்பலகையில் எழுத முடியாது, பிள்ளைகளே எழுதினார்கள். பரீட்சை எழுதினார்கள். ரிசல்ட் அன்று பஸ் ஸ்டாண்டில் பேப்பர் கட்டு பிரித்தபோது நாங்கள் இருவரும் அங்கே நின்றோம். முக்கால்வாசி நம்பர் இருந்தது. சில நம்பர் இல்லை. மல்லாட்டைப் பெண்ணின் நம்பர் இல்லை.

அவள் அப்பன் பேப்பரைக் கசக்கி எறிந்துவிட்டு, பஸ் ஸ்டாண்டு சனம் முன்னால் அவள் தலைமுடியைப் பிடித்து இழுத்தான். "தப்பு சொல்லிக் குடுக்கற வாத்தியாராம்! படிச்சு கிழிச்சிட்ட!" ஓர் அறை விழுந்தது.

அவள் கண்ணை மூடவில்லை. "வடிவியல்ல ரெண்டாவது கணக்கு. எங்க தப்புனேன்னு எனக்கே தெரியும் நைனா. அக்டோபர்ல எழுதிடுவேன்" என்றாள், முடி அவன் கையில் இருக்க.

அடுத்த அறைக்குக் கை ஓங்கினான். நான் ஓர் அடி எடுத்து வைத்தேன். அவன் என்னைப் பார்த்தான். கை தானாக இறங்கியது. முடியையும் விட்டான்.

சார் அவனைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார். "ஒங்களப் பாத்துதான் எறக்கறான். சாயங்காலம் வீட்ல நீங்க இருக்க மாட்டீங்களே?" என்றார்.

ஹெட்மாஸ்டர் சொன்ன சொல் தவறவில்லை. பழைய வாத்தியார் காலத்தில் மக்குப் பிள்ளைகளை ஒன்பதாவதிலேயே நிறுத்திவிட்டு மிச்சத்தைத்தான் பரீட்சைக்கு அனுப்புவார்கள், இவர் ஒருவரையும் நிறுத்தாமல் எல்லோரையும் அனுப்பினார், அதனால்தான் நம்பர் குறைந்தது என்று நான் மேஜையைத் தட்டிச் சொன்னேன். "ரிசல்ட் ரிசல்ட்டுதான் தலைவரே" என்றார். புதிதாக ஒரு வாத்தியார் வந்தார். மறுவாரமே ஒரு பையன் புளியமரத்தின் மேல் ஏறிக் கிளை உடைத்துக்கொண்டிருந்தான். சனிக்கிழமை மாடிக்கு வந்துகொண்டிருந்த வாத்தியார்களும் ஒவ்வொருவராக நின்றார்கள்.

ஊரைவிட்டுப் போய்விடுவார் என்று நினைத்தேன். அவர் மண்டிக்கு வந்தார்.

"தேறுனவங்கள அவங்க வெச்சுக்கட்டும். ஃபெயிலானவங்க யாருக்கும் வேணாம்ல? அவங்கள எனக்குக் குடுங்க. இந்தப் பள்ளிக்கூடத்துப் பசங்க மட்டும் இல்ல, எங்க கணக்குல ஃபெயிலானாலும் சரி. எடம் மட்டும் வேணும்."

"மண்டிய எடுத்துக்குங்க சார். மூட்டைய பின்னாடி அடுக்கிடறேன். காலையில ஒங்களுக்கு, மத்தியானத்துக்கு மேல எனக்கு."

"ஒரு கண்டிசன்."

"சொல்லுங்க."

"கிளாஸ் நடக்கறப்ப நீங்க உள்ள வரக் கூடாது."

என் மண்டி. நான் தோள் தேய்ந்து வாங்கிய மண்டி. எனக்கே உள்ளே இடமில்லை என்கிறார். ரத்தம் ஏறியது. "யாராச்சும் வந்து ஒங்கள மறுபடி அடிச்சா?"

"அடிச்சா கத்தறேன். அப்ப வாங்க."

முதல் நாள் பதினைந்து பிள்ளைகளாவது வந்திருக்கும். அந்தப் பெண்ணும் வந்தாள், கன்னத்தில் கன்றிப்போன தடத்தோடு. அவள் அப்பன் சைக்கிளில் கொண்டுவந்து விட்டான். என்னைப் பார்த்துவிட்டு எதிர்ப்பக்கம் போய் நின்றுகொண்டான். வெயில் ஏறியது. என் கடை வாசலில் நான் கூலியாள் மாதிரி நின்றேன். ரோட்டில் போகிற வியாபாரிகள் "இன்னா மொதலாளி, வெளிய நிக்கறீங்க?" என்று கேட்டுக்கொண்டே போனார்கள்.

திடீரென்று உள்ளேயிருந்து பெரிய கூச்சல். பெண் குரல், பையன்கள் குரல், மூட்டை மேல் எதையோ அடிக்கிற சத்தம். யாரோ புகுந்துவிட்டான் என்று கதவைத் தள்ளிக்கொண்டு பாய்ந்தேன். உள்ளே அந்தப் பெண் மூட்டை மேல் ஏறி நின்று ஒரு பையனைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தாள். அவன் சுண்ணாம்புக்கட்டியை ஆட்டி ஆட்டி அவளை மறுத்துக்கொண்டிருந்தான். சுவரில் பெரிதாக ஒரு தப்பான கணக்கு. சார் ஓரமாகச் சாக்கின் மேல் உட்கார்ந்திருந்தார்.

என்னைக் கண்டதும் சத்தம் அறுந்தது. அவள் மூட்டையிலிருந்து இறங்கினாள். சுண்ணாம்புக்கட்டி வைத்திருந்த பையன் அதை முதுகுக்குப் பின்னால் மறைத்தான். எல்லாப் பிள்ளைகளும் தலையைக் குனிந்துகொண்டார்கள். 

சார் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

நான் வெளியே வந்து கதவைச் சாத்தினேன். எதிர்ப்பக்கம் நின்றிருந்த அவள் அப்பன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.  பிறகு உள்ளே ஒரு குரல் மெதுவாக ஏதோ சொன்னது. இன்னொரு குரல் "அது எப்டி?" என்றது. கூச்சல் மறுபடி எழுந்து ரோடு வரைக்கும் கேட்டது.